எண்ணெயா, கம்மியா, மினாக்ஸிடிலா? ஒரே வீட்டுல ரெண்டு தலை

போன நவம்பர்ல எனக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்த படுக்கை. பிளேட்லெட் ஏறி, கஞ்சி குடிச்சு, எழுந்து நடமாடி, பொங்கலும் நல்லா தான் போச்சு. தை கடைசில ஒருநாள் தலைக்கு ஊத்திட்டு பாத்ரூம்ல தண்ணி போற ஜாலிய பாத்தா கறுப்பா ஏதோ சுருண்டு கெடக்குது, எலி தான் செத்துப்போச்சுன்னு நெனச்சு தொடப்பக்கட்டைய எடுத்துட்டு வந்துட்டேன். எல்லாம் என் முடி.

அதே மாசம் தம்பி ஓசூர்ல இருந்து லீவுக்கு வந்தான். சிப்காட்ல வேலை, மூணு பசங்க சேர்ந்து ரூம் எடுத்திருக்காங்க, வயசு 27, வீட்ல பொண்ணு பாக்கறாங்க. அவனுக்கு நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு, உச்சியில டியூப்லைட் வெளிச்சத்துல தலை தெரியுது. ஆக ஒரே வீட்ல ரெண்டு கேஸு. அம்மா எண்ணெய் காய்ச்சறேன்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா வெங்காயச் சாறு தேய்க்க சொன்னாங்க, தம்பி ஆன்லைன்ல கம்மி (gummy, முடி வளரும்னு விக்கற ஜெல்லி மிட்டாய் மாதிரி வைட்டமின்) ஆர்டர் பண்ணிட்டான் (எனக்கும் சேர்த்து ரெண்டு டப்பா), அவன் ரூம்மேட் மினாக்ஸிடில்ங்கற தலைக்குத் தடவற லோஷனைப் போடுன்னு சொல்றான். எதைத் தான் எடுக்கறது? ஆறு மாசம் காசையும் விட்டு, புத்தியும் வந்த பிறகு எழுதறேன், எங்க ரெண்டு பேருக்கும் பதில் வேற வேற.

முதல்ல ஒரு விஷயம், கொட்ற முடிய எடுத்து கண்ணு கிட்ட வெச்சுப் பாருங்க. ஒரு முனையில குண்டூசி தலை மாதிரி வெள்ளையா குட்டியா ஒண்ணு இருந்தா அது வேரோட விழுந்த முடி. ரெண்டு முனையும் சும்மா இருந்தா அது நடுவுல ஒடைஞ்ச முடி, அதுக்கு வைத்தியம் வேற. என்னுது எல்லாத்துலயும் அந்த வெள்ளைக் குண்டு இருந்துச்சு. தோல் டாக்டரம்மா கிட்ட போனப்ப அவங்க ஒரு அம்பது அறுபது முடிய விரலுக்கு நடுவுல புடிச்சு மெதுவா இழுத்தாங்க, வலிக்கவே இல்ல, ஆனா அவங்க விரல்ல பதினஞ்சு முடி வந்துடுச்சு. ஆறுக்கு மேல வந்தாலே கொட்டுதுன்னு அர்த்தமாம். தம்பிக்கு அதே மாதிரி இழுத்தா ரெண்டே ரெண்டு. அவனுக்கு முடி கொட்டலங்க, முளைக்கிற முடி ஒவ்வொரு தடவையும் மெலிசாவும் குட்டையாவும் முளைக்குது, அவ்ளோ தான். எங்கப்பாவும் தாய்மாமாவும் முப்பதுலயே அப்படித் தான் ஆனாங்க, ஆல்பத்தை எடுத்துப் பாத்தா தெரியும்.

தலையில சுமாரா ஒரு லட்சம் முடி இருக்குது, தெனமும் 50ல இருந்து 100 வரைக்கும் விழறது சாதாரணம். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், அப்புறம் ரெண்டு மூணு மாசம் ஓய்வுல இருக்கும், அப்புறம் விழும். பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட், இந்த மாதிரி ஒடம்புக்கு ஒரு அடி விழுந்தா நெறைய முடி ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடுது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா விழுது. அதனால தான் நவம்பர் டெங்குக்கு ஜனவரி கடைசில கொட்டுச்சு. நான் என்னமோ புதுசா மாத்துன ஷாம்பூவ திட்டிட்டு இருந்தேன். இந்த மாதிரி கொட்டினா பெரும்பாலும் ஆறு மாசத்துல தானா நின்னு திரும்ப முளைக்கும். அந்த ஆறு மாசத்துல யார் எதை வித்தாலும் அது தான் முளைக்க வெச்சதுன்னு பேர் வாங்கிக்கும், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, தண்ணி. தம்பி அடிச்சு சொல்றான் ஓசூர் போர் தண்ணி தான் காரணம்னு. டேய் உன் ரூம்ல மூணு பேர், அதே தண்ணி, மத்த ரெண்டு பேருக்கும் காடு மாதிரி முடி இருக்குதேடான்னா பதில் இல்ல. தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் தண்ணி கடினம்ங்கறது உண்மை தான், எங்க வீட்டு ஹீட்டர் காயில்ல வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி படியுது, அதை மாசம் ஒருதடவை புளித்தண்ணியில ஊற வெச்சு சொரண்டணும். ஃப்ளோரைடு பிரச்சினை வேற, அதுக்குத் தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி பொறந்து வளந்த எங்க செட்டுல பாதி பேருக்கு பல்லுல மஞ்சக் கறை. ஆனா ஃப்ளோரைடு கெடுக்கறது பல்லையும் எலும்பையும். கடினத் தண்ணி முடிய சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சீவறப்ப ஒடையும், வேரைப் புடுங்காது. நான் பண்றது சிம்பிள், போர் தண்ணியில குளிச்சிட்டு கடைசி ரெண்டு சொம்பு மட்டும் ஒகேனக்கல் தண்ணி ஊத்திக்கறேன், சிக்கு பாதியா கொறைஞ்சுடுச்சு. ஷவர்ல மாட்ற ஃபில்டர்ங்கற பேர்ல விக்கறதுல நெறைய குளோரினைத் தான் கொறைக்கும், சுண்ணாம்பை எடுக்காது, அதுக்கு சாஃப்ட்னர் வேணும், வாடகை வீட்ல அதெல்லாம் ஆவற காரியமா.

அடுத்தது எண்ணெய். எங்க ஆயா காலத்துல இருந்து வெள்ளிக்கிழமை பொம்பளைங்களுக்கு, சனிக்கிழமை ஆம்பளைங்களுக்கு எண்ணெய்க் குளியல். அம்மா தேங்காய் எண்ணெயில கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் போட்டு காய்ச்சுவாங்க, வாசனைக்கே தூக்கம் வரும். இதுல தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஒரு விஷயம் நிஜமாவே இருக்குது, அது முடித் தண்டுக்குள்ள ஊறிப் போய், குளிக்கறப்ப முடியில இருந்து புரோட்டீன் வெளிய போறதைக் கொறைக்குதுன்னு 2003ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அதைப் பண்ணல. அந்த ஆராய்ச்சியப் பண்ணவங்க தேங்காய் எண்ணெய் விக்கிற கம்பெனி ஆளுங்க தான், இருந்தாலும் விஷயம் சரி. ஆனா அது இருக்கற முடிய ஒடையாம காப்பாத்தும், புது முடிய முளைக்க வைக்காது. அம்மாகிட்ட இதை சொன்னா, நீ பொறந்தப்ப எனக்கு ஜடை இடுப்புக்குக் கீழ இருந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சுடுவாங்க, அதனால நான் சொல்றதில்ல.

எண்ணெயில ஒரு கெடுதலும் இருக்குது, பொடுகு இருக்கறவங்களுக்கு. பொடுகு வறட்சியால வர்றதுன்னு நெனச்சு நாம ராத்திரி பூரா எண்ணெய் ஊற வைக்கறோம். பொடுகுல ஈடுபடற மலசீசியாங்கற ஈஸ்ட்டுக்கு எண்ணெய்ப் பசை தான் சோறு. தம்பிக்கு இது தான் நடந்துச்சு, அம்மா பாசமா தடவி தடவி, ரெண்டே வாரத்துல காதுக்கு பின்னாடியும் புருவத்துலயும் செதில் செதிலா மஞ்சளா உரிய ஆரம்பிச்சுடுச்சு. டாக்டரம்மா எண்ணெய நிறுத்திட்டு 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ குடுத்தாங்க, வாரம் ரெண்டு தடவை, தலையில நுரைச்சு அஞ்சு நிமிஷம் விட்டு கழுவணும், நாலு வாரம். அந்த அஞ்சு நிமிஷம் யாரும் காத்திருக்கறதில்ல, தேய்ச்ச ஒடனே ஊத்திக்கிட்டு ஷாம்பூ வேலை செய்யலன்றோம். அரிப்பு நின்னுடுச்சு, சொறியறதால உதிர்ந்த முடியும் நின்னுச்சு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டா போதும்.

பொடுகு இல்லன்னா அரப்பும் சீயக்காயும் தாராளமா போடலாம். போச்சம்பள்ளி ஞாயிறு சந்தையில வாங்கி வீட்லயே இடிச்சா கலப்படம் இல்ல, நல்லா சலிச்சுக்கோங்க, இல்லன்னா திப்பி தலையிலயே நின்னு வெள்ளையா உதிரும், அதைப் பொடுகுன்னு நெனச்சு பயந்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. சோப்பு மட்டும் வேணாம், நம்ம தண்ணியில சோப்பு திரிஞ்சு பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

இப்ப கம்மிக்கு வரேன். பேரே கம்மி, பலனும் கம்மி, வெலை மட்டும் ஜாஸ்தி. ஒரு மாச டப்பா 600 ரூபா சொச்சம், ஸ்ட்ராபெரி வாசனை. உள்ள இருக்கற முக்கியமான சரக்கு பயோட்டின். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு தேவை 30 மைக்ரோகிராம் தான், கடையில விக்கற பயோட்டின் மாத்திரைங்க 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம்னு இருக்கு, அதாவது தேவையவிட நூறு எரநூறு மடங்குக்கும் மேல. பயோட்டின் கொறைபாடு இருக்கறவங்களுக்கு அது வேலை செய்யும், ஆனா அந்தக் கொறைபாடு ரொம்ப அபூர்வம், முட்டை, கடலை, கல்லீரல் எல்லாத்துலயும் இருக்குது. (பச்சை முட்டைய தெனமும் குடிக்கற ஜிம் பசங்களுக்கு வரலாம், பச்சை வெள்ளைக்கரு பயோட்டினைப் புடிச்சு வெச்சுக்கும், வேகவெச்சா பிரச்சினை இல்ல.) மிச்சம் ஒண்ணுக்குப் போறப்ப போயிடும், அதனால ஆபத்தில்லன்னு நெனச்சேன். அங்க தான் ஒரு வில்லங்கம். பயோட்டின் ஒடம்புல நெறைய இருந்தா சில ரத்த டெஸ்ட் தப்பா காட்டும், தைராய்டு, ஹார்ட் அட்டாக்குக்குப் பாக்கற ட்ரோபோனின் எல்லாம். அமெரிக்காவுல மருந்துகளைக் கண்காணிக்கற எஃப்டிஏ 2017லயே இதுக்கு எச்சரிக்கை குடுத்துச்சு. நான் கம்மி சாப்பிட்டுக்கிட்டே தைராய்டு டெஸ்ட்டுக்குப் போயிட்டேன், டாக்டரம்மா கேட்டுட்டு, மூணு நாள் நிறுத்திட்டு திரும்ப எடுத்துட்டு வாம்மான்னு அனுப்பிட்டாங்க. டெஸ்ட் காசு ரெண்டு தடவை.

இன்னொண்ணும் சொன்னாங்க, மல்டிவிட்டமின்ல வைட்டமின் ஏ, செலீனியம் அதிகமானா அதுவே முடி கொட்ட வைக்கும். துத்தநாகம் மாசக்கணக்குல அளவுக்கு மேல போட்டா தாமிரம் கொறையும். முடிக்குன்னு வாங்கற மாத்திரை முடியையே கொட்ட வைக்கும்னா என்ன கூத்து பாருங்க. அதனால கொறைபாடு இருக்கான்னு பாக்காம சப்ளிமென்ட் வாங்கறது, டேங்க் காலியான்னு பாக்காம மோட்டார் போடற மாதிரி தான்.

எனக்கு டேங்க் காலி தான், ஆனா வேற டேங்க். ஹீமோகுளோபின் 9.8, பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். இரும்பு சேமிப்பைக் காட்ற ஃபெர்ரிட்டின் 9 தான், 15க்கு கீழ போனாலே கொறைபாடுன்னு கணக்கு. தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்கறவங்க தான், நானும் அதுல ஒருத்தின்னு இப்ப தான் தெரியுது. இதுல வெட்கக்கேடு என்னன்னா, நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு பொறந்தப்ப ஹெல்த் சென்டர்ல செவப்பு மாத்திரை குடுத்தாங்க, கர்ப்பத்துல 180 நாள், பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள், எல்லாம் ஃப்ரீ. வாயெல்லாம் கசப்பா இருக்குது, மலம் கறுப்பா போவுதுன்னு பயந்து பீரோவுல போட்டுட்டேன். கறுப்பா போறது இரும்பு மாத்திரைக்கு சாதாரணம்னு அன்னிக்கு நர்சம்மா சொன்னதை நான் காதுலயே வாங்கல. பீரோவ சுத்தம் பண்ணப்ப அந்த அட்டைங்க எக்ஸ்பைரி ஆகி அப்படியே கெடந்துச்சு.

இந்த தடவை டாக்டரம்மா எழுதினதை ஒழுங்கா போட்டேன்னு தான் நெனச்சேன், ஒரு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தா ஒண்ணும் ஏறல. எப்படிம்மா போடறேன்னாங்க. காலையில டீயோடன்னேன். தலையில அடிச்சுக்காத கொறை தான். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பை உறிஞ்ச விடாது, முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாவது தள்ளணும். எலுமிச்சம்பழ ஜூஸோ நெல்லிக்காயோ கூட எடுத்தா நல்லா ஏறும். வயித்தைப் பெரட்டினா ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம்னாங்க, அப்படி மாத்தினதும் மலச்சிக்கலும் விட்டுச்சு. அடுத்த ரெண்டு மாசத்துல ஹீமோகுளோபின் 11.6. ஒண்ணு சொல்லிடறேன், டெஸ்ட் பண்ணாம இரும்பு மாத்திரைய மாசக்கணக்குல முழுங்காதீங்க, குறிப்பா ஆம்பளைங்க, அதிகமானா ஒடம்புலயே தங்கும்.

சாப்பாட்டுல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு பெருமை இருக்குது, கேழ்வரகு களி சாப்பிடறவனுக்கு என்ன கொறைன்னு. கால்சியத்துக்கு சரி, 100 கிராம்ல 350 மில்லிகிராம் பக்கம் இருக்கும், அரிசியெல்லாம் கிட்ட வராது. ஆனா புரோட்டீன் 7 கிராம் தான், முடியே புரோட்டீன் தான். இரும்பும் அதுல இருக்கறது பூரா ஒடம்புல ஏறாது. களிக்கு என்ன தொட்டுக்கறோம்ங்கறது தான் விஷயம். வெறும் புளிச்சாறு ஊத்தி முழுங்கறதுக்கும் கொள்ளுக் கடைசலோட முழுங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, கொள்ளுல 100 கிராமுக்கு 22 கிராம் புரோட்டீன். 55 கிலோ இருக்கற என்னை மாதிரி ஆளுக்கு நாளைக்கு 45 கிராம் வேணும். நான் ஒருநாள் நிஜமா கணக்கு போட்டுப் பாத்தேன், காலையில ரெண்டு இட்லி, மதியம் சோறு ரசம், ராத்திரி தோசை, இருபத்தஞ்சு தாண்டல. இப்ப ரெண்டு முட்டை, ஒரு வேளை கொள்ளோ பயறோ, முருங்கைக்கீரை வாரம் ரெண்டு நாள். முட்டை ரெண்டுக்கு ஆகற காசு கம்மி டப்பாவோட ஒரு நாள் காசைவிட கொறைவு.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னா, அக்கா நானும் கொள்ளு சாப்பிட்டா முன்னாடி முளைக்குமான்னான். முளைக்காது. அவனோடது பரம்பரை வழுக்கை, டிஹெச்டிங்கற ஹார்மோனுக்கு அந்த எடத்து வேரு மசியறது தான் காரணம். இதுக்கு ஆதாரத்தோட நிக்கற மருந்து ரெண்டு தான். ஒண்ணு மினாக்ஸிடில், மொதல்ல பிபி மாத்திரையா இருந்துச்சு, போட்டவங்களுக்கு ஒடம்பெல்லாம் முடி வளந்ததைப் பாத்து தலைக்கு லோஷனா மாத்தினாங்க, 1988ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சுது. இன்னொண்ணு ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, 1997ல வந்தது, டிஹெச்டியையே கொறைக்கும்.

மினாக்ஸிடில் 5 சதவீதம், காலையில ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, 60 மில்லி பாட்டில் சரியா ஒரு மாசம் வரும், தம்பி வாங்கறது 700 ரூபா பக்கம். முடி மேல இல்ல, தோல் மேல படணும், காயணும், அப்புறம் தான் தலகாணி. ஆரம்பத்துல சில வாரம் முடி இன்னும் கொட்டும், பழசு விழுந்து புதுசு வரதுக்கு, அங்க தான் பாதிப் பேர் பயந்து விட்டுடறாங்க, அவனும் மூணாவது வாரத்துல போன் பண்ணி அழாத கொறையா கத்தினான். நாலு மாசத்துக்கு முன்னாடி எதையும் எதிர்பாக்கக் கூடாது. நிறுத்தினா சில மாசத்துல பழைய நெலைக்கே போயிடும், அதாவது இது வாடகை வீடு மாதிரி, மாசா மாசம் கட்டணும். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க தொடக்கூடாது. ஃபினாஸ்டிரைடு டாக்டர் சீட்டு இல்லாம வேணவே வேணாம், சிலருக்கு ஆசை கொறையுது, மனசு சோர்ந்து போவுது, கர்ப்பிணிங்க ஒடைஞ்ச மாத்திரையக் கையால கூட தொடக்கூடாது. தம்பி கல்யாணம் ஆகப்போற பையன், இப்போதைக்கு லோஷன் மட்டும் போதும்னு முடிவு பண்ணியிருக்கான், அது அவன் முடிவு. ரோஸ்மேரி எண்ணெய் மினாக்ஸிடிலுக்கு சமம்னு சொல்றவங்க ஒண்ணை சொல்றதில்ல, 2015ல ஈரான்ல பண்ண அந்த ஒரு சோதனையில கூட போட்டி போட்டது 2 சதவீத மினாக்ஸிடிலோட.

வெங்காயச் சாறு? அதுக்கும் ஒரு சின்ன ஆராய்ச்சி இருக்குது, 2002ல பாக்தாத்ல, ஆனா அது புழுவெட்டுக்கு, அதாவது காசு அளவுக்கு வட்டமா விழுமே அதுக்கு. புழுவெல்லாம் ஒண்ணும் இல்ல, நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே வேரைத் தாக்கறது, சிலருக்கு தானாவும் முளைச்சுடும். எனக்கும் தம்பிக்கும் அது சம்பந்தமே இல்ல, பக்கத்து வீட்டு அக்கா மனசு நோவக் கூடாதுன்னு ஒரு தடவை தேய்ச்சேன், மூணு நாள் பஸ்ல பக்கத்துல யாரும் உக்காரல. மொட்டை அடிச்சா அடர்த்தியா வளரும்ங்கறதும் கெடையாது, குலசாமிக்கு வேண்டுதல்னா அடிங்க, வேர் தோலுக்கு அடியில இருக்குது, கத்தி அங்க போறதில்ல.

ஒரு கிளினிக்குல தம்பிய உக்கார வெச்சு தலைய கம்ப்யூட்டர்ல பெருசாக் காட்டி, ஆறு சிட்டிங் பிஆர்பி பேக்கேஜ், இன்னிக்கே கட்டினா டிஸ்கவுண்ட்னு சொல்லியிருக்காங்க, ரத்தம் எடுத்து அதுல பிளேட்லெட்டைப் பிரிச்சு தலையில குத்தறது. சிலருக்கு பலன் இருக்கு, ஆனா ரத்த டெஸ்ட் ஒண்ணு கூட எழுதாம நேரா பேக்கேஜுக்குப் போறவங்ககிட்ட நான் ஒரு ரூபா குடுக்க மாட்டேன். தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் ஓபி இருக்குது, காசில்ல, நேரம் தான் ஆகும், காலையிலயே போய் சீட்டு போட்டுடுங்க. வட்டமா விழுந்தாலோ, தோல் செவந்து சீழ் வெச்சாலோ, விழுந்த எடம் பளபளன்னு தழும்பு மாதிரி ஆனாலோ, சின்னப் புள்ளைங்களுக்கு கொட்டினாலோ, எண்ணெய் கம்மி எதையும் யோசிக்காம அங்க போயிடுங்க, தழும்பு விழுந்த எடத்துல திரும்ப முளைக்காது.

காய்ச்சல், பிரசவத்துக்கு அப்புறம் மொத்தமா கொட்டுதா, மொதல் செலவு ரத்த டெஸ்ட்டுக்கும் முட்டைக்கும். நெத்தி ஏறுதா, உச்சி தெரியுதா, மினாக்ஸிடில், அதுவும் சீக்கிரமா, ஏன்னா போன முடிய கொண்டு வர்றதைவிட இருக்கறதைப் புடிச்சு வைக்கறது சுலபம். அரிப்பு செதில் இருந்தா எது ஆரம்பிக்கறதுக்கும் முன்னாடி அந்த ஷாம்பூ. எண்ணெய் யாருக்கு வேணும்னாலும், பொடுகு இல்லாத வரைக்கும், குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. கம்மி எனக்கு எந்த வரிசையிலயும் வரல.

இப்ப என் நெத்தி ஓரத்துல ரெண்டு விரக்கடை நீளத்துக்கு குட்டி குட்டியா முடி நட்டுக்கிட்டு நிக்குது, எண்ணெய் வெச்சு அமுக்கினாலும் எழுந்துக்குது, அம்மா காய்ச்சின எண்ணெய் தான் காரணம்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. தம்பிக்கு நாலாவது மாசம் நடக்குது, ஒவ்வொரு மாசம் ஒண்ணாந்தேதியும் அதே டியூப்லைட் கீழ நின்னு உச்சியப் படம் புடிச்சு எனக்கு அனுப்பறான், எனக்கு பெருசா வித்தியாசம் தெரியல, அவனுக்குத் தெரியுதாம். மிச்சம் இருந்த ஒன்றரை டப்பா கம்மிய என் பொண்ணு ஜெல்லி மிட்டாய்னு கேட்டு அழுதா. அதையும் இரும்பு மாத்திரை அட்டையையும் சேர்த்து பீரோ மேல, அவளுக்கு எட்டாத எடத்துல வெச்சிருக்கேன், சின்னப் புள்ளைங்க இரும்பு மாத்திரைய அள்ளி முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.